ரேம் போட்டோம், டிஸ்பிளே வரவில்லை: இனி என்ன செய்வது?

பனியன் கம்பெனி ஆபீஸில் நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அது. மெதுவாகிவிட்டதே என்று புது ரேம் (வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் தகவலைப் பிடித்து வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) வாங்கி மாட்டினீர்கள். மூடியைப் பொருத்தி ஸ்விட்சை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. சாயங்காலம் வண்டி வந்துவிடும், பில் போட வேண்டும். இப்போது என்ன செய்வது?

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பதற்றத்தில் ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தட்டுவதால் ஒரு பலனும் இல்லை. ஏதாவது பாகம் கோணலாக உட்கார்ந்திருந்தால் கெடுதல்தான் கூடும்.

உள்ளே இருந்த கணக்கெல்லாம் போய்விட்டதா? போகவில்லை. டேலி கணக்கு, பையருக்கு அனுப்பிய மெயில், பேட்டர்ன் ஃபைல் எல்லாம் இருப்பது ஹார்டு டிஸ்கில் அல்லது எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்புக் கருவி). ரேமையோ கிராஃபிக்ஸ் கார்டையோ மாற்றியதால் அவை அழிவதில்லை. பெட்டி முழுதும் செத்தே போனாலும் அந்த டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் படித்துவிடலாம். டிஸ்குக்குப் பூட்டு போடப்பட்டிருந்தால் மட்டும் சாவி வேண்டும். அது என்ன சாவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? ஒன்று இருக்கிறது. யாராவது வந்து, “ஃபார்மேட் போட்டாச் சரியாயிருங்க” என்று சொல்வதும், நீங்கள் சரி என்று தலையாட்டுவதும். ஃபார்மேட் (டிஸ்கில் உள்ளதைத் துடைத்துப் புதிதாக்குவது) என்பது திரையில் ஒரு எழுத்துகூட வராத கம்ப்யூட்டருக்கு மருந்தே இல்லை. அந்தக் கட்டத்தில் விண்டோஸ் வரை வேலை போகவே இல்லை. டிஸ்கைத் துடைத்தாலும் திரை கறுப்பாகவேதான் இருக்கும், கணக்கு மட்டும் போயிருக்கும். விண்டோஸ் படம் வரை வந்து அங்கே நின்றுவிட்டால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். அப்போதும் டேலி ஃபோல்டரை வேறோர் இடத்தில் நகல் எடுத்த பிறகுதான்.

திருப்பூரில் இந்தத் தொல்லை இப்போது ஏன் அதிகம்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று சின்ன அளவில் நடத்துபவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பெரிய கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த டெல், எச்பி பெட்டிகள். அவற்றை அப்படியே தூக்கிப் போட மனம் வராமல் ரேம், எஸ்எஸ்டி என்று மாட்டிப் பார்க்கிறோம். தவறான யோசனை இல்லைதான். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு ஏறத்தாழ 2017-க்குப் பிறகு வந்த பிராசஸர் வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை முதல். அதற்கு முந்தைய பெட்டியில் எத்தனை ரேம் போட்டாலும் அந்தத் தகுதி வராது. என்னைக் கேட்டால், அந்தப் பெட்டிக்கு ஒரு எஸ்எஸ்டி மட்டும் போட்டு வேகத்தை வாங்கிக்கொண்டு, மீதிப் பணத்தை அடுத்த கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொள்வது மேல்.

சரி, எங்கே தொடங்குவது? கடைசியாகக் கை வைத்த இடத்தில். ஓவர்லாக் மெஷினில் ஊசி மாற்றியதும் நூல் அறுந்தால் மோட்டாரைக் கழற்றுவீர்களா? மாட்டிய ஊசியைத்தானே முதலில் பார்ப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான். புதிதாக மாட்டியதைக் கழற்றுங்கள். பழையதை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மாட்டுங்கள். ஆன் செய்து பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்? பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பிறகு பெட்டியின் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் (துணி உரசி உண்டாகும் சிறு மின்னேற்றம்) ரேமைக் கெடுத்துவிடக்கூடும். வறண்ட நாளில் பாலியஸ்டர் டி-ஷர்ட் போட்டிருந்தால் அது கூடுதலாகவே சேரும். எதையும் கழற்றும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று அப்புறம் தலையைச் சொறிய வேண்டாம்.

பழையதை மாட்டியதும் எழுந்துவிட்டால்? நிம்மதி. அன்றைய பில் வேலையை முதலில் முடியுங்கள், டேலி டேட்டாவைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். புதுப் பாகம் பொருந்தாததா, கெட்டதா, நாம் சரியாக மாட்டவில்லையா என்ற ஆராய்ச்சியை இரவில் வைத்துக்கொள்ளலாம்.

பழையதை மாட்டியும் எழவில்லை என்றால்? புதுப் பாகத்தின் மேல் பழி இல்லை. வேலை செய்யும்போது கை பட்டு வேறு ஏதோ நகர்ந்திருக்கிறது, அல்லது ஏற்கெனவே நொந்திருந்த ஒன்று இப்போதுதான் தன்னைக் காட்டுகிறது. இரண்டையும் பார்ப்போம். அதற்குக் கம்ப்யூட்டர் என்ன நிலையில் இருக்கிறது என்று உற்றுக் கவனிக்க வேண்டும். “ஆன் ஆகவில்லை” என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன.

முதல் நிலை: விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. இதுதான் பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் சின்ன விஷயம். எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பெட்டி) பலவற்றில் பின்பக்கத்தில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். வேலைக்கு முன் அதை அணைத்திருப்பீர்கள், திரும்பப் போட மறந்திருப்பீர்கள். அடுத்து, மதர்போர்டில் குத்தியிருக்கும் பெரிய (பொதுவாக 24 பின்) இணைப்பும், பிராசஸர் பக்கத்தில் தனியாக இருக்கும் 4 அல்லது 8 பின் இணைப்பும் முழுதாக இறங்கியிருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். முன்பக்கப் பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயரும் எளிதில் கழன்றுவிடும். அது கழன்றிருந்தால் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் மதர்போர்டுக்குச் சேதி போகாது. ஸ்பைக் பாக்ஸில் வேறு ஒன்றைச் சொருகி, மின்சாரம் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் உயிர் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

இரண்டாவது நிலை, ஃபேன் சுற்றும், திரை கறுப்பு. கடைக்காரர்கள் “நோ டிஸ்பிளே” என்பது இதைத்தான். ரேம் மாற்றியவர்களில் பலர் வந்து நிற்பது இங்கே. இதற்குக் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும்.

ரேம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? இரண்டு முனையிலும் கொக்கி ‘டக்’ என்று பிடிக்கும் வரை அழுத்த வேண்டும். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் பாதியில் விட்டுவிடுகிறோம். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி அசையும், மறுபக்கம் அசையாது. அந்தப் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

உட்காரவே மறுக்கிறதா? அப்படியானால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று போகும் இடத்தில் மற்றது போகாது. டெஸ்க்டாப்பில் டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கும் 5-க்கும் 288 பின். அழுத்தி இறக்கினால் போவது மதர்போர்டு.

உட்கார்ந்தும் எழவில்லையே? பொருந்தும், ஆனால் ஒத்துப்போகாது என்ற வகையும் இருக்கிறது. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை ஏறியதில், பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய ரேமை வாங்கி மாட்டுவது கூடியிருக்கிறது. அதில் சர்வரிலிருந்து வந்த ரேமும் கலந்திருக்கும். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், சாதாரண டெஸ்க்டாப் போர்டு அதை ஏற்காது. வாங்கும்போதே “சர்வர் ரேமா, டெஸ்க்டாப் ரேமா?” என்று கேட்டு, எழவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 1.5 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3 ஒன்று, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ஒன்று. இரண்டும் ஒரே பள்ளத்தில் உட்காரும், ஆனால் 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் முதலாவது வேலை செய்யாது.

இரண்டு ரேம் மாட்டியிருந்தால் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றோடு மட்டும் ஆன் செய்யுங்கள். நான்கு பள்ளம் உள்ள போர்டாக இருந்தால், ஒற்றை ரேமைப் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது பள்ளத்தில் போட வேண்டும். போர்டிலேயே அச்சடித்திருப்பார்கள். பிறகு அதே ரேமை வேறு பள்ளத்தில், அடுத்த ரேமை அதே பள்ளத்தில் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றி அது எழுந்துவிட்டால், எதனால் எழுந்தது என்று உங்களுக்கும் தெரியாது, நாளை வரும் சர்வீஸ் ஆளுக்கும் தெரியாது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு காரணம். கட்டிங் டேபிளுக்கும் ஓவர்லாக் வரிசைக்கும் பக்கத்தில் தடுப்பு போட்டு ஆபீஸ் வைத்திருக்கிறோம். காற்றில் பறக்கும் பஞ்சு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்ப் படிகிறது. பல வருடமாகக் காலியாக இருந்த ரேம் பள்ளத்தில் அது மெத்தை மாதிரி இறங்கியிருக்கும். புது ரேமை அதற்குள் அமுக்கும்போது பஞ்சு பின்களுக்கும் ரேமுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். ரேம் நல்லது, போர்டு நல்லது, தொடர்பு மட்டும் இல்லை. டார்ச் அடித்துப் பள்ளத்தைப் பாருங்கள். பஞ்சு இருந்தால் புதிய, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளி எடுங்கள். ரேமின் தங்க நிறப் பல் மங்கியிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டலாம். கடைகளிலும் இதைத்தான் செய்வார்கள்.

கம்ப்ரஸர் ஏர் கன்னால் ஊதினால் ஆகாதா? மெஷினையும் பீஸையும் ஊதிச் சுத்தம் செய்யும் கன் கையிலேயே இருக்கும்போது இந்த ஆசை வரத்தான் செய்யும். அப்படியே ஊதாதீர்கள். கம்ப்ரஸர் டாங்கில் தண்ணீர் தேங்கும், சிலவற்றில் ஆயில் ஆவியும் கலந்து வரும். இரண்டும் மதர்போர்டில் தெறித்தால் நீங்கள் சரி செய்ய வந்த கோளாறைவிடப் பெரியது கிடைக்கும். வேறு வழியில்லை என்றால் டாங்கின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடித்து, முதலில் வெறும் துணியில் ஊதிப் பார்த்து, ஈரம் இல்லை என்று உறுதியான பிறகு, அழுத்தத்தைக் குறைத்து எட்ட நின்று ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும்.

புது போர்டில் டிடிஆர்5 ரேம் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு அந்த ரேமை அளந்து பார்த்து அமைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைத்துவிடாதீர்கள். பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் ஏதாவது சொல்ல முயல்கிறதா என்றும் கவனியுங்கள். சில பெட்டிகள் பீப் அடிக்கும். அதன் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எழுதி வைத்துக்கொண்டு உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள். டெல்லின் பிற்கால ஆபீஸ் மாடல்களில் பவர் பட்டன் விளக்கு சிமிட்டும். ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்று சிமிட்டினால் ரேம் தெரியவில்லை என்று பொருள். ஆரஞ்சு 2, வெள்ளை 5 என்றால் பொருந்தாத ரேம்.

கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரையும் வேலைக்கென்றே உள்ள தனிப் பலகை) மாட்டினீர்களா? பேட்டர்ன் கேட், பிரின்ட் டிசைன் வேலைக்காகச் சேர்ப்பவர்கள் உண்டு. முதலில் மானிட்டர் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய பழக்கத்தில் மதர்போர்டின் சாக்கெட்டிலேயே மாட்டியிருப்போம். கார்டு போட்ட பிறகு கேபிள் கார்டுக்குத்தான் போக வேண்டும். இதன் தலைகீழும் நடக்கும்: பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள இன்டெல் பிராசஸர்களில் படம் காட்டும் பகுதியே கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் கேபிளை மாட்டினால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது மின்சாரம். கார்டு மாட்டும் பள்ளம் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக 6 அல்லது 8 பின் ஒயர் போக வேண்டும். கைமாறி வந்த சின்ன ஆபீஸ் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸே 200 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும், அந்த ஒயரும் இருக்காது. பெரிதாக ஒன்று வாங்கி மாற்றலாம் என்றால், இந்த பிராண்டு பெட்டிகளில் பல, பொதுவான இணைப்பைப் பயன்படுத்துவதில்லை. வாங்கும் முன் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

மூன்றாவது நிலை: எழும், சில நொடியில் அணையும், மறுபடி எழும். புதுச் சுமையை எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை என்பதற்கு இது அடையாளமாக இருக்கலாம். பிராசஸரின் மேல் உள்ள ஃபேன் சரியாக உட்காராவிட்டாலும் சூடேறி அணையும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன் யுபிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் சாதாரண யுபிஎஸ் உண்மையில் தாங்குவது 360 வாட் அளவுதான். அதில் மானிட்டர், மோடம், சில இடங்களில் பிரின்டர் வரை சொருகியிருப்போம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் ஜெனரேட்டருக்கு மாறும் கணத்தில்தான் அதன் வண்டவாளம் தெரியும். சோதனைக்குக் கம்ப்யூட்டரை மட்டும் நேராகச் சுவர் பாயின்ட்டில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் குறை யுபிஎஸ்ஸில்.

நான்காவது நிலை, திரை வருகிறது, விண்டோஸ் வரவில்லை. எஸ்எஸ்டி மாற்றியவர்கள் சந்திப்பது இது. “பூட் டிவைஸ் இல்லை” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் விழித்து, பாகங்களைச் சரிபார்க்கும் அடிப்படை மென்பொருள்) போய்ப் பாருங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் வரும், எச்பியில் எஃப்10. அங்கே புது எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா?

பெயரே தெரியவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். கேபிள் இல்லாமல் மதர்போர்டில் படுக்கையாகச் சொருகும் சிறிய எஸ்எஸ்டியாக இருந்தால் அதில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. சில பள்ளங்கள் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். மிகப் பழைய போர்டுகள் என்விஎம்இ-யிலிருந்து விண்டோஸைத் தொடங்கவே மாட்டா. வேறு சில போர்டுகளில் இந்தப் பள்ளத்தில் ஒன்றைச் சொருகினால் சாட்டா கேபிள் இணைப்புகளில் ஒன்று தானாக அணைந்துவிடும். புது எஸ்எஸ்டி தெரியும், பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போகும். கேபிளைப் பக்கத்து இணைப்புக்கு மாற்றினால் திரும்பி வரும்.

பெயர் தெரிந்தும் தொடங்கவில்லை என்றால், தொடங்கும் வரிசையில் அதை முதலாவதாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், பழைய டிஸ்கில் விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டிருந்ததோ அதே முறை பயாஸில் இருக்க வேண்டும். லெகஸி என்பது பழைய முறை, யுஇஎஃப்ஐ என்பது புதிய முறை. பழைய டிஸ்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்திருந்தால் இதை மாற்றாதீர்கள். நகல் எடுத்த முதல் தடவை பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஒரே மாதிரி இரண்டு விண்டோஸைப் பார்த்தால் கம்ப்யூட்டர் குழம்பும்.

நீல நிறத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறதா? முன்பு சொன்ன சாவி இதுதான். பிட்லாக்கர் (டிஸ்கில் உள்ளதை வேறு யாரும் படிக்க முடியாமல் பூட்டும் விண்டோஸ் வசதி) பெட்டியின் பாகமோ பயாஸ் அமைப்போ மாறியதும் சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்கிறது. விண்டோஸ் 11 போடும்போது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். சர்வீஸ் ஆள் தன் மெயிலைப் போட்டு இன்ஸ்டால் செய்துகொடுத்திருந்தால் சாவியும் அவர் கணக்கில் இருக்கும். இன்றே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஏஎம்டி பிராசஸரை மாற்றியவர்களுக்குப் புது பிராசஸர் கண்டேன், பழைய பாதுகாப்புத் தகவலை அழிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டு ஒய், என் என்று இரண்டு விடை கொடுக்கும். 48 இலக்க எண் கையில் இல்லாமல் ஒய்-யை அழுத்தாதீர்கள். என்-ஐ அழுத்திப் பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டினால் வழக்கம்போல் நுழையலாம்.

பிராசஸர் மாற்றுவதில் இன்னொரு படி உண்டு. போர்டின் பயாஸ் பழையதாக இருந்தால் புது பிராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அது நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் போர்டே போய்விடக்கூடும், எனவே பவர் கட் அறிவித்த நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையா? மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்ற 3 வோல்ட் செல். பயாஸ் அமைப்பையும் கடிகாரத்தையும் காப்பது அதுதான். எப்போதும் பிளக்கில் இருந்த பெட்டியில் அது செத்திருந்தாலும் வெளியே தெரியாது. ரேம் மாட்டுவதற்காக முதல் தடவையாகப் பிளக்கைப் பிடுங்கியதும் அமைப்பெல்லாம் மறந்துவிடும். நாமோ ரேமைக் குறை சொல்வோம். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் இதுதான் காரணம். அந்தத் தேதியோடு ஜிஎஸ்டி தளமும் பேங்க் தளமும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்கவும் மறுக்கும். செல் விலை அற்பம், எந்த மொபைல் கடையிலும் கேட்டுப் பாருங்கள். பிளக் இல்லாமல் அதை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தால், புதுப் பாகத்தோடு முரண்டு பிடித்த தவறான அமைப்பு ஏதாவது இருந்தாலும் அழிந்துவிடும். ஆனால் அத்தோடு நீங்கள் விரும்பி வைத்த அமைப்பும் அழியும், முன்னால் சொன்ன லெகஸி, யுஇஎஃப்ஐ உட்பட. ஆகவே இதைக் கடைசியில் செய்யுங்கள்.

அதுவரை வேலை நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. இ-வே பில் போடக் கம்ப்யூட்டரே தேவையில்லை, அந்தத் தளம் மொபைல் பிரவுசரிலும் திறக்கும். இ-இன்வாய்ஸ் கட்டாயமுள்ளவர்கள் பக்கத்து யூனிட் கம்ப்யூட்டரிலிருந்து தளத்துக்குள் நுழைந்து போடலாம், வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்துவிட வேண்டும். டேலி கணக்கு உடனே வேண்டும் என்றால், டிஸ்கைக் கழற்றி யுஎஸ்பி கேபிளோடு வரும் உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் அது பென்டிரைவ் போலத் திறக்கும். டேட்டா ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள், உள்ளே எதையும் மாற்ற வேண்டாம்.

சர்வீஸ் ஆளை எப்போது கூப்பிடுவது? கருகிய வாடை வந்தால், பெட்டியைத் தொட்டால் ஷாக் அடித்தால், பழைய பாகத்தோடும் எழாமல் மேலே சொன்னதெல்லாம் பார்த்துவிட்டால். ஷாக் அடிப்பது எர்த் சரியில்லாததன் அறிகுறி, அதற்குக் கம்ப்யூட்டர்காரருக்கு முன் எலக்ட்ரீஷியன் வர வேண்டும். பெட்டி கடைக்குப் போவதாக இருந்தால் டிஸ்கைக் கழற்றி உங்களிடம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். டிஸ்பிளே வருகிறதா என்று சோதிக்க அது தேவையில்லை. எதை மாற்றினீர்கள், அதன் பின் என்ன கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நாம் மாட்டியதை மறைத்து, “சும்மாதான் இருந்தது, திடீர்னு நின்னுருச்சு” என்று சொன்னால் அவர் நேரமும் போகும், உங்கள் பணமும் போகும்.

எழுந்த பிறகு ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கலாம். டேலி லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரின் பாகங்களோடு கட்டப்பட்டது. டிஸ்கோ மதர்போர்டோ மாறினால் அது எஜுகேஷன் முறைக்குப் போய் நிற்கக்கூடும். கணக்கு போகவில்லை, லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்தால் போதும். திட்டமிட்டு மாற்றுவதாக இருந்தால் முதல் நாளே லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். அதற்கான ஆப்ஷன் டேலிக்குள்ளேயே இருக்கிறது. பேட்டர்ன் கேட் மென்பொருளும் இப்படித்தான். டாங்கிள் (லைசென்ஸ் அடங்கிய யுஎஸ்பி சாவி) உள்ளதென்றால் பிரச்சினை இல்லை. கம்ப்யூட்டரோடு பூட்டிய லைசென்ஸ் என்றால் விற்றவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

எந்த நாளில் மாற்றுவது? மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, பிஎஃப், இஎஸ்ஐ 15, ஜிஎஸ்டிஆர்-3பி 20. இவற்றுக்கும் ஷிப்மென்ட்டுக்கும் முந்தைய இரண்டு மூன்று நாளைத் தவிருங்கள். 20 தாண்டிய ஒரு சனிக்கிழமை மாலை, சம்பளம் போட்டு முடித்த பிறகு தோதாக இருக்கும். ஏதாவது கோணினாலும் ஞாயிறு கையில் இருக்கும்.

கழற்றிய பழைய ரேம், ஸ்க்ரூ, புதுப் பாகத்தின் பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு மேஜை டிராயரில் வையுங்கள். பழைய ஹார்டு டிஸ்கை உடனே விற்க வேண்டாம், அடுத்த மாத ரிட்டர்ன் புது எஸ்எஸ்டியிலிருந்து ஒருமுறை போய் முடியட்டும். விற்கும்போது சாதாரணமாக டெலீட் செய்துவிட்டுக் கொடுத்துவிடாதீர்கள். டெலீட் செய்ததைத் திரும்ப எடுக்க மென்பொருள் இருக்கிறது, அந்த டிஸ்கில் உங்கள் தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் பேங்க் கணக்கு எண்ணும் இருக்கின்றன. முழு டிஸ்கையும் மேலெழுதி அழிக்கச் சொல்லுங்கள், அல்லது விற்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.